கற்குவியல் என்று ஒரு குறிப்பு

"டீச்சர், போன வாரம் நாம ஏறிப்போன வழி இதுல எங்க இருக்கு?"

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இது. சுவரில் தொங்கிய வரைபடத்தில் மலையடிவாரத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் பூகோள ஆசிரியை. "சின்ன வழியெல்லாம் வரைபடத்துல வராதும்மா" என்றேன். அவள் விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள். "இந்தக் கெணத்துக்குப் போற வழி அதவிடச் சின்னது. அது மட்டும் இருக்கே?"

"மணி அடிக்கப் போகுது, போய் உக்காரு" என்றேன். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அந்த வரைபடத்தின் கீழ் மூலையில் இருந்தது என் தம்பியின் கையெழுத்து. அவன் நில அளவையாளன். மலையை அவன் அளந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். மூன்று வருடம் கழித்துத்தான் மாற்றலாகி இந்தப் பள்ளிக்கு வந்தேன். என் தம்பி வரைந்த தாள் என் வகுப்புச் சுவரில் தொங்குகிறது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையில் அவளுடைய கேள்வியை அவனிடம் கேட்கவே இல்லை. இருபது வருடம் கழித்து வேறு வழியின்றிக் கேட்டேன்.

தம்பிக்குக் காது மந்தம், எனக்குப் பொறுமை குறைவு. அதனால் எங்களுக்குள் தொலைபேசி ஒத்துவராது. கடிதம்தான். அவற்றை அவன் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்.

*

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மகளும் நலம். எனக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. மழை முடிந்ததும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார் டாக்டர். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது இன்னும் அந்தச் சத்தம் வருகிறதா?

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மலை உனக்கு நினைவிருக்கும். அதன் உச்சியில் வட்டமாக நட்ட கற்களும், நடுவில் பலகைக் கற்களால் பெட்டிபோல் கட்டி மேலே கூரைக்கல் வைத்த மூன்று திட்டைகளும் இருக்கின்றன. மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்று அருங்காட்சியகத்திலிருந்து வந்த பெண் சொன்னாள். இத்தனை நாளும் அவற்றை யாரும் கவனிக்கவில்லை. ஒரு கல் நிறையக் காதலர் பெயர்கள். ஒரு திட்டைக்குள் காலி பாட்டில்கள். போன வருடம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஞாயிறுதோறும் ஏறி, முள் வெட்டிக் குப்பை அள்ளினோம்.

இப்போது மலையை ஒரு விடுதிக்காரர் வாங்கிவிட்டார். அடிவாரத்தில் வேலி போட்டு, இரும்புக் கதவு வைத்துப் பூட்டியும்விட்டார். உச்சியைச் சமன் செய்து தங்கும் குடில்கள் கட்டப் போகிறாராம். நில அதிகாரியிடம் போனேன். உன் தாளை விரித்துக் காட்டினார். "பாருங்க டீச்சர், வழின்னு ஒண்ணும் இல்ல. உச்சியில ஒரே ஒரு வார்த்த, 'கற்குவியல்'. கல்லுக்குவியல ஒருத்தர் தன் நெலத்துலேருந்து அள்ளிப்போட்டா நான் எந்தச் சட்டத்துல தடுக்கறது?" அருங்காட்சியகத் துறையும் கையை விரிக்கிறது. போக வழியில்லாத இடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க முடியாதாம். மனு கொடுத்திருக்கிறேன். நவம்பர் இருபதில் விசாரணை.

கிணற்று வழியையே விடாதவன் நீ. இது அச்சில் விட்டுப்போனதாகத்தான் இருக்க வேண்டும். உன் அளவைப் புத்தகத்தில் நிச்சயம் இருக்கும். அதில் என்ன எழுதினாய் என்று நினைவிலிருந்து இரண்டு வரி எழுதி அனுப்பு. அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். முழங்கால் சத்தம் குறையவில்லை, ஆனால் எனக்குத்தான் காது கேட்பதில்லையே, அதனால் தொந்தரவில்லை. உன் கண்ணைப் பற்றித்தான் கவலை. புரையைத் தள்ளிப்போடாதே. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் மூன்றாம் வாரமே தண்ணீர்க் குடம் தூக்கிவிட்டு மறுபடி மருத்துவமனைக்குப் போனார். சொட்டு மருந்தை மணி பார்த்துப் போட வேண்டும். மகளிடம் ஒரு அட்டவணை எழுதி ஒட்டச் சொல்.

மலை விஷயம் படித்தேன். அச்சகத்தின் மேல் குறை சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. பழைய அளவைப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. அதை நம்பி இருக்காதே. வழியில் நடந்தவர்கள் யாராவது சாட்சி சொல்வார்களா, பள்ளியில் பழைய புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று பார்.

மகளுக்கு என் அன்பு.

தம்பி

*

ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். கண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய், மலையைப் பற்றி நாலு வரி. பரவாயில்லை, அக்கா மேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

நீ சொன்னபடியே புகைப்படம் தேடினேன். கிடைத்தது. என் ஏழாம் வகுப்பு முழுக்கக் கூரைக்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, நான் நடுவில் சிரிக்கிறேன். அருங்காட்சியகப் பெண் பார்த்துவிட்டு, "டீச்சர், இத விசாரணையில காட்டாதீங்க. மொதல்ல உங்க மேலதான் வழக்கு போடணும்" என்றாள். சரிதான். முப்பது பிள்ளைகளை அந்தக் கல்லில் ஏற்றியது நான்தானே. அதிகாரியிடம் காட்டியும் பயனில்லை. "போட்டோவுல கல்லு இருக்கு, வழி எங்க இருக்கு? யாரோ அனுமதி குடுத்து ஏறியிருப்பீங்க" என்கிறார்.

விடுதிக்காரரையும் பார்த்தேன். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியவில்லை. நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார்.

"நீங்க என்ன பாடம் எடுத்தீங்க டீச்சர்?"

"பூகோளம்."

"அப்ப உங்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியும். நானும் அதப் படிச்சுட்டுத்தான் வாங்கினேன். வழி இருக்குன்னு ஒரு கோடு போட்டிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். காகிதத்துல காட்டுங்க, நானே கதவத் தொறந்து விடறேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

இனி ஒரே வழிதான் இருக்கிறது என்று அதிகாரி சொன்னார். தாளை அளந்தவர் உயிரோடு இருந்து, உச்சியும் வழியும் சரியாக அளக்கப்படவில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், நேரில் போய் மறுபடி அளக்க உத்தரவு போடலாமாம். இல்லையென்றால் தாள்தான் பேசும். "அளந்தவர் என் தம்பிதான்" என்றேன். "அவர் தப்பா அளந்தார்னு அவரே சொல்வாரா டீச்சர்?" என்று கேட்டார். "என் தம்பி தப்பா அளக்க மாட்டான்" என்றுதான் வாயில் வந்தது. நல்ல வாதம் செய்தேன், பார்த்தாயா?

அச்சில் விட்டுப்போனது என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். விடையை எதிர்பார்க்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இடையில் காய்ச்சல் வந்தது, இப்போது இல்லை.

மகளுக்கு என் பிறந்தநாள் வாழ்த்துகளைச் சொல். முப்பத்து நான்கு ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு பேனா தனியாக அனுப்பியிருக்கிறேன். உனக்கு மருந்துக் கடைக்காரர் சொன்ன கறுப்புக் கண்ணாடியும் அதே பொட்டலத்தில் இருக்கிறது. வெயிலில் போகும்போது போட்டுக்கொள்.

இங்கே மழை விடவில்லை. வேறு விசேஷம் இல்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 25

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. பேனா வந்தது, கண்ணாடியும் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் பால்காரர் வணக்கம் சொல்லப் பயப்படுகிறார்.

மகள் உன்னைக் கிண்டல் செய்கிறாள். "மாமாவுக்கு ஒரு அடி நெலம் தப்பாது, என் பொறந்தநாள் மட்டும் வருஷாவருஷம் மூணு நாள் தப்பும். பதினொண்ணுன்னு எத்தன தடவ சொல்றது? பதினாலாம் தேதிதான் எழுதுவார்." நான் என்ன சொல்ல? உன் மறதிக்கு நான் வக்கீல் இல்லை.

நல்ல செய்தி ஒன்று. அளவைப் புத்தகங்களை எடைக்குப் போடவில்லை. மாவட்ட ஆவண அறையில் இருக்கும் ஊழியர், என் பழைய மாணவி ஒருத்தியின் மாமனார், நாலு நாள் தூசியில் தேடி உன் புத்தகத்தை எடுத்துவிட்டார். "கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு, யாருங்க இது?" என்று கேட்டாராம். நகல் போட்டு அனுப்புகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது எனக்கு வந்துவிடும். இனி நீ கஷ்டப்பட்டு நினைவுபடுத்த வேண்டியதில்லை. உன் எழுத்தே சாட்சி சொல்லும்.

மழையில் நனையாதே.

அக்கா

*

செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நகல் வந்தது. படித்தேன். ஊழியர் சொன்னது சரி, கையெழுத்து அச்சு மாதிரிதான் இருக்கிறது.

வயதாகிறது, கண்ணும் சரியில்லை. இந்த மனுவை இதோடு விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். நீ எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம். உன்னைத் தொந்தரவு செய்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

அக்கா

*

செப்டம்பர் 20

அக்கா,

நலமா? எந்தப் பக்கத்தைப் படித்தாய் என்று எழுது.

தம்பி

*

செப்டம்பர் 26

அன்புத் தம்பிக்கு,

நலம்.

நாற்பத்து மூன்றாம் பக்கம்.

மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதிவிட்டேன். மேசையில் இருக்கிறது. உறையில் போடவில்லை. மகள் சௌக்கியமாக இருக்கிறாள். நீ கொடுத்த பேனாவில்தான் எழுதுகிறாள்.

அக்கா

*

அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று இந்த முறை எழுத வரவில்லை.

அந்தக் கடிதத்தை உறையில் போடாதே.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருப்பதை நானே எழுதுகிறேன். நீ படித்ததுதான், ஆனால் என் கையால் இன்னொரு முறை எழுத வேண்டும். "ஆகஸ்ட் 11. மலையேறி உச்சி அளந்தேன். கற்குவியல். வழி இல்லை." கீழே என் கையெழுத்து. அந்தத் தேதியைப் பார்த்ததும் நீ புரிந்துகொண்டிருப்பாய். அன்று காலை நான் மலையில் இல்லை. மருத்துவமனை நடைபாதையில், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அத்தான் ஊரில் இல்லை. "இன்னொரு பாட்டில் எடுங்க" என்று நான் நர்சோடு சண்டை போட்டேன். "உங்களையும் சேர்த்து ரெண்டு பேரக் காப்பாத்த எனக்கு நேரமில்ல, உக்காருங்க" என்று திட்டினார். அப்புறம் குழந்தை அழுதது.

முந்தின நாள் மாலை தந்தி வந்த அரை மணியில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்தவன் நான். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, இந்த மூன்று நாளும் நான் முகாமில் இல்லை என்று தெரிந்தால் வேலை போயிருக்கும். பதின்மூன்று மாலை திரும்பினேன். பதினைந்தாம் தேதி முகாமை அடுத்த இடத்துக்கு மாற்ற வேண்டும். பதினான்கு முழுக்கத் தூறல். கூடாரத்தில் உட்கார்ந்து, தொலைநோக்கியில் உச்சியைப் பார்த்தேன். புதருக்கு மேலே கல் நுனிகள் தெரிந்தன. கற்குவியல் என்று எழுதினேன். வழி கண்ணுக்குத் தெரியவில்லை. இல்லை என்று எழுதினேன். மூன்று நாளுக்கும் தேதி போட்டு நிரப்பினேன்.

இப்போது உறுதிமொழிப் பத்திரம் எழுத உட்கார்ந்தபோது, அக்காவுக்கு ரத்தம் கொடுக்கப் போனதால் ஏற முடியவில்லை என்று முதலில் எழுதினேன். அப்படி எழுதினால் எல்லாரும் மன்னித்துவிடுவார்கள். கிழித்துப் போட்டேன். அது உண்மை இல்லை, அக்கா. மூன்று நாள் உன்னுடையது. நான்காவது நாள் என்னுடையது. பதினான்காம் தேதி மலை அங்கேயே இருந்தது, நானும் அதன் அடியிலேயே இருந்தேன். நாலு மணி நேர வேலை. நனைய வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, நேற்று நில அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

மகளிடம் சொல், எனக்கு மறதி இல்லை. பதினொன்று என்று ஒரு முறை பொய்யாக எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தேதியை எழுதக் கை வருவதில்லை.

வீட்டுக்காரியிடமும் நேற்றுதான் சொன்னேன். "அந்த மலையோட பேர எடுத்தாலே நீங்க செருப்ப மாட்டிக்கிட்டு நடக்கப் போறது இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணைக் கவனித்துக்கொள்.

தம்பி

*

அக்டோபர் 11

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய், இனிமேலாவது.

கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன், மூன்றாம் முறை மகள் படித்தாள். "மாமா மேல கோவமா?" என்று கேட்டேன். "நான் பொறந்த அன்னிக்கே எனக்காக ஒருத்தர் வேலையப் பணயம் வெச்சிருக்கார், அதுல பெருமைதான். ஆனா அந்தப் பதினாலாம் தேதிக்கு நான் பொறுப்பில்ல, அத மாமாகிட்ட சொல்லிடு" என்றாள். இருவரும் ஒரே மாதிரி கணக்குப் பார்க்கிறீர்கள்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நீ ஏறாததற்குக் கோபம் இல்லை. இத்தனை வருடம் நான் உன் தாளைக் காட்டிக் காட்டிப் பாடம் நடத்தியதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாயே, அதற்குக் கோபம். விடுமுறைக்கு இங்கே வரும்போதெல்லாம் மலைக்கு வா என்று கூப்பிடுவேன், முழங்கால் என்பாய். அப்போது உனக்கு வயது முப்பத்தைந்து. அந்த முழங்காலை நான் நம்பினேன் பார்.

ஆனால் எனக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு மாணவி அந்த வழி எங்கே என்று என்னைக் கேட்டாள். வழி இருக்கிறது என்று என் காலுக்குத் தெரியும், தாளில் இல்லை என்று என் கண்ணுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவளை உட்காரச் சொன்னேன். அன்றே உனக்கு ஒரு கார்டு போட்டிருந்தால், இந்த வேலியே வந்திருக்காது. அவள் இப்போது அடிவாரத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கிறாள். நேற்றுப் போய்ச் சொன்னேன். "அப்ப நான் சொன்னது சரியா டீச்சர்?" என்றாள். "சரி" என்றேன். "மார்க் போடுங்க" என்றாள்.

அதிகாரி உன் பத்திரம் வந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார். நவம்பர் இருபது விசாரணை முடிந்து, இருபத்தேழில் நேரில் அளக்கப் போகிறார்கள். இரண்டுக்கும் நீ வர வேண்டும். நவம்பர் பத்தில் எனக்கு அறுவை சிகிச்சை. ஒரு மாதம் மேடு ஏறக் கூடாது என்று நீதான் எழுதினாய். ஆகவே எனக்கும் சேர்த்து நீ ஏறு. காலை ஏழு மணிப் பேருந்தில் வந்தால் உட்கார இடம் கிடைக்கும். முழங்காலுக்கு உறை வாங்கிக்கொள்.

இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். மனுவைத் திரும்பப் பெறுவதாக நான் எழுதிய கடிதம் அதுதான். நல்ல காகிதம், வீணாக்க மனம் வரவில்லை.

அன்புடன்,
அக்கா

*

டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகமாக வந்து சேர்ந்தேன். உன் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து நேரத்துக்குப் போடுகிறாயா?

அன்று மலையிலிருந்து இறங்கியதும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நீயும் கறுப்புக் கண்ணாடியோடு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், ஊரார் எல்லோரும் உன்னைச் சூழ்ந்திருந்தார்கள். சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன் தேநீர்க் கடை மாணவி கையில் குச்சியோடு முன்னால் போனாள். "இங்க திரும்பணும் சார், இங்க கால் வழுக்கும்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வழி இருந்தது, அக்கா. பாறையில் கால்பட்டுத் தேய்ந்த தடம், விரல் ஆழத்துக்கு. அளவுச் சங்கிலியின் ஒரு முனையை அதிகாரியே பிடித்தார். மூன்றாம் திருப்பத்தில் என் முழங்கால் மடங்கிவிட்டது. கை கொடுத்துத் தூக்கியது யார் தெரியுமா? விடுதிக்காரர். தூக்கி நிறுத்திவிட்டு, "ஐயா, அன்னிக்கே நீங்க ஏறியிருந்தா நான் வேற மலையப் பாத்திருப்பேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

உச்சியில் கற்களை எண்ணினேன். வட்டத்தில் பதினேழு. திட்டை மூன்று. ஒன்றின் பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. அருங்காட்சியகப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள், எனக்குப் பாதிதான் கேட்டது. குனிந்து அந்தத் துளைக்கு நேரே பார்த்தேன். கீழே, கிணற்றுக்குப் பக்கத்தில், அன்று என் கூடாரம் இருந்த இடம் தெரிந்தது.

முன் கடிதத்தில் நாலு மணி நேர வேலை என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும். கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நாற்பது நிமிடம். அதுவும் இந்த முழங்காலோடு.

துறையிலிருந்து ஓலை வந்திருக்கிறது. நான் வரைந்த முப்பத்தெட்டுத் தாள்களையும் நேரில் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள். மற்ற முப்பத்தேழும் சரி என்று எனக்குத் தெரியும், ஆனால் இனி நான் சொல்வதை யார் ஏற்பார்கள்? பார்க்கட்டும். புது அளவையாளர்களுக்கு வருடந்தோறும் ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிடுவார்கள். இந்த வருடம் அழைப்பு வரவில்லை. கடைத்தெருவில் பழைய நண்பர் ஒருவர் என்னைப் பார்த்ததும் காய்கறியில் மும்முரமாகிவிட்டார்.

இருந்தாலும் நன்றாகச் சாப்பிடுகிறேன். வீட்டுக்காரி பேசுகிறாள், கொஞ்சம் அதிகமாகவே.

மகளுக்கு அன்பு.

தம்பி

*

கடிதங்கள் இதோடு நிற்கின்றன. அதாவது, இந்த விஷயத்தைப் பற்றிய கடிதங்கள்.

உத்தரவு பிப்ரவரியில் வந்தது. தாளில் இப்போது அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரு புள்ளிக்கோடு ஏறுகிறது. "பொது நடைவழி, அகலம் ஆறடி" என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. கற்குவியல் என்ற வார்த்தையை அடித்துவிட்டு, "கல்வட்டம், கல்திட்டைகள் மூன்று" என்று போட்டிருக்கிறார்கள். பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பதற்கான கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. விடுதிக்காரர் பூட்டை எடுத்துவிட்டார். குடில்களை அடிவாரத்திலேயே கட்டுகிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உங்க தம்பியால எனக்கு உச்சி போச்சு டீச்சர்" என்பார். அவர் வைத்த அறிவிப்புப் பலகையில் "கல்லின் மேல் ஏறாதீர்கள்" என்று இருக்கிறது. அதற்கு மேல் என் பழைய புகைப்படத்தை ஒட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

கண் சரியானதும் நானும் ஏறினேன். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

முப்பத்தெட்டில் இருபத்தாறு தாள்களைச் சரிபார்த்துவிட்டார்களாம். இதுவரை வேறு பிழை இல்லை. வகுப்பெடுக்க அழைப்பு இந்த வருடமும் வரவில்லை.

போன ஆகஸ்டில் மகளுக்கு வாழ்த்து அட்டை வந்தது. பதினொன்று என்று தேதி போட்டிருந்தது.

இதைப் படித்தவர்கள் ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்தின் வரைபடம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் நடங்கள். உங்கள் கால் போன வழி அதில் இல்லையென்றால், பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதுங்கள்.